மூன்று மணி நேரமும் பத்து நிமிடமும்

துளிக்குள் வினை: வரலாற்றுத் தொடர், பகுதி 9

வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் வட்டாரத்தில் 1988 தொடங்கி ஒரு காய்ச்சல் மழைக்காலத்தின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வயலில் தண்ணீர் நிற்கும்போதே ஆட்கள் படுத்துவிடுவார்கள். முதலில் சாதாரணக் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசையில் வலி. சிலருக்கு நான்கைந்து நாளில் இருமல் வரும். இருமலில் ரத்தம் வரும். அப்படி ரத்தம் கண்டவர்களில் பலர் பிழைக்கவில்லை. காரணம் தெரியாததால் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று ஒரு பெயர் மட்டும் வைத்தார்கள். ஏதோ புதிய வைரஸ் என்பதுதான் பலரின் ஐயம்.

விடை 1993-இல் வந்தது. அந்த ஆண்டு மழைக்குப் பிந்தைய பரவலின்போது எடுத்த ரத்த மாதிரிகளை, போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983-இல் தொடங்கிய வட்டார ஆராய்ச்சி மையத்தில் சோதித்தார்கள். வைரஸ் இல்லை. லெப்டோஸ்பைரா என்னும் சுருள் பாக்டீரியா. நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான். ஆனால் நுரையீரலைத் தாக்கும் வடிவம். சேகல், முர்ஹேக்கர், சுகுணன் மூவரும் அதை 1995-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் இருந்து சேற்றுக்கு வந்து, காலில் உள்ள சிராய்ப்பு வழியாக உழவர் உடம்பில் ஏறும் கிருமி. வெறுங்காலோடு நாற்று நடுகிற எவருக்கும் அது தூரத்து ஆபத்து அல்ல.

வேதிவினைகளைச் சிறு குழாய்களில் அடைத்துப் படித்தவர்களின் கதையைச் சொல்லும் தொடரில் இந்தக் காய்ச்சல் எங்கே வந்தது என்று கேட்கலாம். நுண்பாய்மவியலின் வழக்கமான வரலாற்றைப் புரட்டினால் அந்தமான் இருக்காது. 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் டெர்ரியும் கூட்டாளிகளும் சிலிக்கான் வில்லையில் செதுக்கிய வாயுப் பகுப்புக் கருவி இருக்கும். 1990-இல் சுவிட்சர்லாந்தில் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் முன்வைத்த 'முழுப் பகுப்பாய்வும் ஒரே சில்லில்' என்ற கருத்து இருக்கும். பிறகு ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ், அவருடைய ரப்பர் அச்சுகள். எல்லாம் உண்மைதான். ஆனால் மிக அதிகமான மனிதக் கைகளில் புழங்கிய நுண்பாய்மக் கருவி சிலிக்கானிலும் பிறக்கவில்லை, ரப்பரிலும் பிறக்கவில்லை. அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிய வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க திக்லிப்பூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே நோய்க்கு, ஒரே வகை எதிர்ப்புரதத்தைத் தேடி, ஒரே ஆம்ஸ்டர்டாம் நிறுவனம் செய்த இரண்டு சோதனைகளை ஒரே குழு அங்கே அடுத்தடுத்துச் சோதித்துப் பார்த்தது. ஒன்றுக்கு மூன்று மணி நேரம். மற்றதற்குப் பத்து நிமிடம்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் அந்தமானுக்கு இந்தக் கிருமி புதியதே அல்ல. 1931-இல் டெய்லர், கோயல் என்ற இரு ஆய்வாளர்கள் 'அந்தமானில் லெப்டோஸ்பைரோசிஸ்' என்ற தலைப்பில் நீண்ட ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். அப்போது போர்ட் பிளேர் தண்டனைக் குடியிருப்பு. ஜப்பானில் இனாடாவும் இடோவும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தமானில் அன்று பிரித்தெடுத்த கிருமிகளில் ஒன்றுக்கு அந்தமானா என்றே பெயர். அதன் அடையாள எண் சிஎச் 11. பின்னாளில் அது நோய் உண்டாக்காத, தண்ணீரில் வாழும் வகையைச் சேர்ந்தது என்று வகைப்படுத்தப்பட்டது. ஆனாலும் உலகின் பல பரிசோதனைக் கூடங்களில் எலிக்காய்ச்சலுக்கான கிருமி வரிசையில் இன்றும் அது இருக்கிறது. தீவின் பெயர் இப்படி உலகம் சுற்றிக்கொண்டிருக்க, தீவுக்குள் அந்த நோயை அறுபது ஆண்டுகளாக யாரும் நினைக்கவில்லை. 1988-இல் வந்தது புதுக் காய்ச்சல் என்று எல்லோரும் நம்பியதற்கு அந்த மறதியும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கண்டுபிடித்தாயிற்று. இனிக் கண்டறிய வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

எலிக்காய்ச்சலுக்கு அன்றும் இன்றும் அளவுகோலாக இருப்பது நுண்ணோக்கி வழி ஒட்டுத்திரள் சோதனை. நோயாளியின் சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நீர்ப்பிலும் உயிருள்ள லெப்டோஸ்பைராவைக் கலந்து, இருள்புல நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எதிர்ப்புரதம் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகும். பாதிக் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும் நீர்ப்பு எது என்று கணக்கிடுவார்கள். கேட்க எளிது. ஆனால் அந்தக் கிருமிகளை உயிரோடு வைத்திருக்க வேண்டும், ஒன்றிரண்டை அல்ல, பல வகைகளை. மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள, மெதுவாகப் பெருகும் கிருமிகள். தனி ஊடகத்தில் வளர்த்து அவ்வப்போது புதுக் குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தீவுகளில் அதற்கு வசதி போர்ட் பிளேரில்தான். திக்லிப்பூரிலிருந்து அங்கே வரும் சாலை ஜாரவா காப்பகத்தின் ஊடாகப் போகிறது. நடு நீரிணையில் பேருந்தே படகில் ஏறிக் கடக்கிறது. ஒரு பகல் முழுக்க வேண்டும். அடைமழையில் அதுவும் உறுதியில்லை. மாதிரி போய், முடிவு வருவதற்குள் நோயாளியின் விதி தீர்ந்திருக்கும். பென்சிலினும் டாக்சிசைக்ளினும் சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். வந்தபின் காப்பதைவிட வருமுன் காக்கலாமா என்றும் போர்ட் பிளேரின் சேகல் குழு சோதித்தது. வடக்கு அந்தமானில் 782 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளினும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். நோய் கண்டவர்கள் மருந்துப் பிரிவில் 3.11 விழுக்காடு, மற்றதில் 6.82. தொற்று குறையவில்லை, நோய் குறைந்தது. நல்ல முடிவுதான், ஆனாலும் காய்ச்சலோடு வருகிறவரைக் கண்டறியும் தேவை அதனால் தீர்ந்துவிடவில்லை.

ஆம்ஸ்டர்டாமின் அரச வெப்பமண்டல நிறுவனம் 1990-களின் பிற்பாதியில் ஒரு சோதனைக் குச்சியைச் செய்தது. லெப்டோ டிப்ஸ்டிக் என்று பெயர். பட்டையில் ஒரு கோடாக லெப்டோஸ்பைராவின் சாறு பூசி உலர்த்தப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தைச் சாயம் சேர்ந்த கரைசலில் கலந்து, அதில் குச்சியை மூன்று மணி நேரம் ஊறப்போட வேண்டும். பிறகு கழுவிப் பார்த்தால், நோய்க்கு எதிராக முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை எதிர்ப்புரதம் சீரத்தில் இருந்திருந்தால் கோடு நிறமாகும். உயிருள்ள கிருமி வேண்டாம், இருள்புல நுண்ணோக்கி வேண்டாம், குளிர்பெட்டிகூட வேண்டாம். சேகல், விஜயாச்சாரி, சர்மா, சுகுணன் நால்வரும் அந்தமான் நோயாளிகளின் சீரத்தில் இதைச் சோதித்து 1999-இல் எழுதினார்கள். எளிது, விரைவு என்று பாராட்டினார்கள். ஒட்டுத்திரள் சோதனையோடு ஒப்பிட்டால் விரைவுதான்.

ஏன் மூன்று மணி நேரம்? எதிர்ப்புரதம் அவ்வளவு மந்தமானதா?

போன பகுதியை 1923-இல் கேம்பிரிட்ஜில் நிறுத்தியிருந்தோம். ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் ரத்தச் சிவப்பணுப் புரதத்தையும் வாயுக் கரைசலையும் ஒரு கலப்பறையில் மோதவிட்டு, ஒரே குழாயில் வேகமாக ஓடவிட்டார்கள். கலப்பறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் ஓர் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குப் பிந்தைய வினை. இன்னும் தள்ளிப் பார்த்தால் இன்னும் பிந்தைய வினை. நேரத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம், அளவுகோல் போதும். ஆனால் இரண்டு திரவங்களும் கணத்தில் கலக்க வேண்டுமானால் ஓட்டம் கொந்தளிக்க வேண்டும், கொந்தளிக்க வேகம் வேண்டும், வேகத்துக்கு லிட்டர் கணக்கில் ரத்தக் கரைசல் வேண்டும். அவர்களுடைய முறையின் விலை அதுதான் என்று பார்த்தோம்.

டிப்ஸ்டிக்கில் இதற்கு நேர்மாறான தொல்லை. அங்கே ஓட்டமே இல்லை. குச்சி நிற்கிறது, திரவமும் நிற்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எதிர்ப்புரதங்கள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் உள்ளவை தற்செயலாக அலைந்து அலைந்து வந்து சேர வேண்டும். இதுதான் பரவல். பரவலின் கணக்கு கொடுமையானது: தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், பத்து மடங்கானால் நூறு மடங்காகும். ஐஜிஎம் பெரிய மூலக்கூறு, ஐந்து அலகுகள் சேர்ந்தது. தண்ணீரில் அதன் பரவல் எண் ஒரு நொடிக்குச் சுமார் 20 சதுர மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தூரத்தை அது பரவலால் மட்டும் கடக்கச் சுமார் ஏழு மணி நேரம் ஆகும். ஐந்து மைக்ரோமீட்டரைக் கடக்க அரை நொடிக்குச் சற்று மேல். மூலக்கூறு மாறவில்லை, வெப்பம் மாறவில்லை, வேதிவினை மாறவில்லை. தூரம் மட்டும் இருநூறில் ஒரு பங்கானது. நேரம் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கானது.

ஆகவே மூன்று மணி நேரம் என்பதில் பெரும்பகுதி வினையின் நேரமே அல்ல. வழிநடையின் நேரம். வினை நடக்க வேண்டிய இடத்துக்கு ஆள் வந்து சேரும் நேரம். நுண்பாய்மவியல் என்ற துறை முழுவதுமே இந்த வழிநடையைக் குறைக்கும் கலை என்றால் மிகையில்லை.

அதே ஆம்ஸ்டர்டாம் நிறுவனத்தில் ஹென்க் ஸ்மிட்ஸும் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்ட அடுத்த சோதனையில் அந்த வழிநடையைத்தான் வெட்டினார்கள். கருவியின் ஒரு முனையில் ஒரு குழி. அதில் 5 மைக்ரோலிட்டர் சீரம், பிறகு 130 மைக்ரோலிட்டர் கரைசல். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கோட்டைப் பார்க்கலாம்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். குழியில் விட்ட திரவம் முதலில் ஒரு பஞ்சுத் துண்டில் இறங்குகிறது. அங்கே தங்கத் துகள்கள் உலர்ந்து காத்திருக்கின்றன, கோடிக்கணக்கில். ஒரு மீட்டரில் நூறு கோடியில் சில பத்துப் பங்கு அளவுள்ள தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும்; மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இதைக் காட்டியிருந்தார். ஒவ்வொரு துகளின் மேலும் மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் போர்த்தப்பட்டிருக்கிறது. திரவம் துகள்களை எழுப்பிக்கொண்டு அடுத்துள்ள நைட்ரோசெல்லுலோஸ் படலத்தில் ஏறுகிறது. அந்தப் படலம் கண்ணுக்குக் காகிதம் போலத் தெரிந்தாலும், பத்து மைக்ரோமீட்டர் அளவிலான துளைகள் பின்னிக் கிடக்கும் காடு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, திரவம் தானாகவே அதில் ஊர்ந்து போகிறது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை.

வழியில் படலத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. அதில் லெப்டோஸ்பைராவின் சாறு. அந்தச் சாறு எடுக்கப்பட்டது நோய் உண்டாக்காத பட்டாக் என்ற வகையிலிருந்து. அந்தமானாவின் நெருங்கிய உறவுக்காரக் கிருமி அது. இரண்டும் ஒரே இனத்தின் கீழ் வகைப்படுத்தப்பட்டவை. சீரத்தில் எலிக்காய்ச்சல் ஐஜிஎம் இருந்தால் அது சாற்றைப் பிடிக்கும், தங்கம் அதைப் பிடிக்கும், கோடு சிவக்கும். இல்லாவிட்டால் தங்கம் தாண்டிப் போய்விடும். சீரம் ஏன் ஐந்தே மைக்ரோலிட்டர் என்பதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. தங்கத்தின் மேலுள்ள எதிர்ப்புரதம் எந்த ஐஜிஎம்மையும் பிடிக்கும், எலிக்காய்ச்சலுக்கு உரியதை மட்டும் அல்ல. சீரத்தைத் தாராளமாக ஊற்றினால் சம்பந்தமில்லாத ஐஜிஎம்களே தங்கத்தை எல்லாம் ஆக்கிரமித்துவிடும்.

இப்போது ஹார்ட்ரிட்ஜ்–ரஃப்டன் குழாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வினைபொருள்கள் ஓரிடத்தில் சந்திக்கின்றன, ஒரு குழாயில் சேர்ந்து ஓடுகின்றன, குறித்த தூரத்தில் வினை எவ்வளவு நடந்தது என்று பார்க்கிறோம். அமைப்பு அதேதான்! தங்கப் பஞ்சிலிருந்து கோடு வரையுள்ள நீளம்தான் முதல் வினைக்குக் கிடைக்கும் நேரம். கோட்டின் அகலம்தான் இரண்டாம் வினைக்குக் கிடைக்கும் நேரம். நீளமே நேரம். ஓட்டத்தின் இயல்பு மட்டும் தலைகீழ். கேம்பிரிட்ஜ் குழாயில் கொந்தளிப்பு கலக்கியது. இந்தத் துளைகளில் கொந்தளிப்புக்கு வழியே இல்லை. ஓட்டம் கொந்தளிக்குமா என்பதைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் இங்கே ஒன்றில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் துளையின் சுவர் எப்போதும் ஐந்து மைக்ரோமீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கிறது. பரவலே கலக்கிவிடுகிறது.

இந்த நீளத்தையும் நேரத்தையும் ஒரு சிறு கணக்காகப் போடலாம். திரவம் நுண்துளைகளில் ஊரும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும் என்று 1918-இல் லூக்காஸும் 1921-இல் வாஷ்பர்னும் காட்டினார்கள். இந்தப் படலங்களை விற்பவர்கள், தண்ணீர் நான்கு சென்டிமீட்டர் ஏற எத்தனை நொடி என்பதை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். 120 நொடிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சென்டிமீட்டரை ஏழரை நொடியில் கடக்கும். இரண்டாவதற்கு இருபத்திரண்டரை நொடி. நான்காவதற்கு ஐம்பத்திரண்டரை. ஓட்டத்தின் முனை ஒரு சென்டிமீட்டரில் இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் அகலக் கோட்டை ஒன்றரை நொடியில் தாண்டிவிடும். மூன்று சென்டிமீட்டரில் கோட்டைப் போட்டால் நாலரை நொடி நின்று போகும். மூன்று நொடிதான் கூடுதல். ஆனால் மெதுவாகப் பிடிக்கும் எதிர்ப்புரதத்துக்கு அந்த மூன்று நொடிதான் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள இடைவெளி. கோட்டை எங்கே போடுவது, எந்தப் படலத்தில் போடுவது என்று முடிவெடுப்பவர் பேனாவைக் கையில் பிடித்த வினைவேக அறிஞர். அவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆம்ஸ்டர்டாம் கூடத்தின் 25 பாகை வேறு, திக்லிப்பூர் சுகாதார நிலையத்தின் 30 பாகை வேறு. வெப்பம் ஐந்து பாகை கூடினால் தண்ணீரின் பாகுத்தன்மை சுமார் பத்து விழுக்காடு குறையும். ஓட்டம் அந்த அளவுக்கு வேகமாகும். வினைக்குக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். கோடு மங்க வேண்டும் அல்லவா? அவ்வளவாக மங்குவதில்லை. அதே பாகுத்தன்மை குறைவதால் பரவலும் ஏறக்குறைய அதே அளவு வேகமாகிறது. ஒரு கை பறித்ததை மறு கை தந்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டு வடிவமைத்த சமநிலை அல்ல இது, இயற்பியலின் கொடை. ஈரப்பதம் அப்படிக் கருணை காட்டாது. ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் தீவில், பிரித்து வைத்த நைட்ரோசெல்லுலோஸ் பட்டை ஈரம் குடித்துத் தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு பட்டையும் தனித்தனி அலுமினிய உறையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வருகிறது. உறையைக் கிழித்த உடனே பயன்படுத்த வேண்டும்.

2003-ஆம் ஆண்டை இந்தத் தொடரில் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். அந்த ஆண்டு சேகல், விஜயாச்சாரி, சுகுணன், உமாபதி நால்வரும் இந்தப் பட்டையைக் களத்தில் பயன்படுத்திப் பார்த்த முடிவுகளை மருத்துவ நுண்ணுயிரியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலேயே, பெரிய பயிற்சி இல்லாமல், நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே செய்யக்கூடிய சோதனையைப் பற்றிய ஆய்வு அது. அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெலன் சாங், ருஸ்டம் இஸ்மகிலோவ் இருவரும் ஒரு ரப்பர்ச் சில்லில் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் அளந்த கட்டுரையை அமெரிக்க வேதியியல் கழக இதழில் வெளியிட்டார்கள். நீர்த் துளிகளை ஃபுளோரின் சேர்ந்த எண்ணெயில் மிதக்கவிட்டு, வளைந்து வளைந்து போகும் நுண்கால்வாயில் ஓட்டினார்கள். ஒவ்வொரு வளைவிலும் துளி தனக்குள்ளேயே மடிந்து மடிந்து கலந்தது. துளி துளியாகப் பிரிந்திருந்ததால் முன்னது பின்னதோடு கலந்து நேரம் குழம்பவில்லை. கால்வாயில் எவ்வளவு தூரம் வந்தது என்பதே துளியின் வயது. ரஃப்டன் லிட்டர் கணக்கில் செலவழித்த இடத்தில் இவர்கள் செலவழித்தது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு.

சிகாகோ கட்டுரையை நுண்பாய்மவியல் நூல்கள் எல்லாம் மேற்கோள் காட்டுகின்றன. அந்தமான் கட்டுரையை எலிக்காய்ச்சல்காரர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. பட்டையைச் செய்தவர்கள் வினையின் வேகத்தைப் படிக்க நினைக்கவில்லை, வினை நடந்ததா என்று மட்டும் அறிய நினைத்தார்கள்; அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் கோடு சிவக்கிறதா இல்லையா என்பதே குறித்த நேரத்துக்குள் வினை எவ்வளவு தூரம் முன்னேறியது என்ற கேள்விக்கான விடை. அதை வினைவேகம் என்று ஒப்புக்கொள்ளாத வரலாறு அரைகுறை வரலாறு.

பட்டையின் விடையை அப்படியே நம்பலாமா? இங்கேதான் அந்தமான் தன் சிக்கலைக் காட்டியது. எதிர்ப்புரதம் உருவாக நாள் எடுக்கும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் ரத்தத்தில் கிருமி இருக்கும், ஐஜிஎம் போதுமான அளவு இருக்காது. அப்போது எவ்வளவு நல்ல பட்டையும் வெள்ளையாகவே இருக்கும். பின்னால் வரும் சிக்கல் இதற்கு எதிர்ப்புறம்: குணமான பிறகும் ஐஜிஎம் பல மாதங்கள் தங்கிவிடலாம். மழைதோறும் சேற்றில் நிற்கிற ஊரில் இது சிறிய விஷயமா? போர்ட் பிளேர் மையத்தைச் சேர்ந்தவர்களும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நடராஜசீனிவாசனும் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து மிகுந்த தொழில் செய்வோரில் 52.7 விழுக்காட்டினரின் ரத்தத்தில் லெப்டோஸ்பைராவுக்கு எதிரான எதிர்ப்புரதம் இருந்தது. விவசாயத் தொழிலாளர்களில் 62.5 விழுக்காடு. சாக்கடை வேலை செய்வோரைவிட, கால்நடை பராமரிப்போரைவிட வயலில் நிற்பவர்களுக்கே அதிகம். அந்த ஆய்வு அளந்தது பழைய தொற்றையும் சேர்த்துத்தான், பட்டை தேடுவது புதிய தொற்றை. ஆனாலும் இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிவந்த கோட்டைப் பார்த்ததும், இது இந்த வாரத்துக் காய்ச்சலா, போன மழையின் எச்சமா என்று மருத்துவர் ஒரு கணம் யோசிக்கத்தான் வேண்டும். வேதிவினை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. ஆகவே பட்டை வந்த பிறகும் ஒட்டுத்திரள் சோதனை ஓய்வு பெறவில்லை. போர்ட் பிளேரில் கிருமிக் குழாய்கள் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தன. அந்த மையம் பின்னர் எலிக்காய்ச்சலுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் ஆனது.

2007-இல் வைட்சைட்ஸ் குழு காகிதத்தில் நீர் ஒட்டாத வேலிகள் போட்டு, அவற்றுக்கிடையே சிறுநீரை ஓடவிட்டு, சர்க்கரையையும் புரதத்தையும் நிறத்தால் காட்டியது. காகித நுண்பாய்மவியல் பிறந்தது என்று எழுதினார்கள். கர்ப்பம் அறியும் பட்டை 1980-களிலிருந்தே மருந்துக் கடைகளில் விற்கிறது, அந்தமானில் தங்கக் கோடு ஏற்கெனவே சிவந்திருக்கிறது. பிறந்தது குழந்தையா, பெயரா என்று வாசகர்களே முடிவு செய்யட்டும். நியாயமாகச் சொன்னால் வைட்சைட்ஸ் கூட்டியது ஒன்று உண்டு: ஒரே துளியைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் வேறு வினையை நடத்தலாம். பழைய பட்டையில் அது கடினம்.

முதல் வாரத்துச் சிக்கல் மட்டும் தீராமல் நின்றது. ஐஜிஎம் வருமுன் கண்டுபிடிக்க வேண்டுமானால் கிருமியையே தேட வேண்டும். அதாவது அதன் டிஎன்ஏவை. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினைக்கு, திரவத்தைச் சூடாக்கிக் குளிரவைத்து, மறுபடி சூடாக்கி, இப்படிப் பல சுற்றுகள் ஓட்ட வேண்டும். மின்சாரம் நிலையில்லாத, குளிர்சாதனம் இல்லாத சுகாதார நிலையத்தில் அது நடக்காத காரியம் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். பெங்களூருவின் பிக்டெக் ஆய்வகமும் கோவாவின் மோல்பியோ நிறுவனமும் மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறு பெட்டியில் அதைச் செய்தன. ட்ரூநாட் என்ற அந்தக் கருவியைக் காசநோய்க்காக 2020-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கொரோனா சோதனைக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஒப்புதல் கிடைத்தது. அதன் சில்லில் விடுவது 6 மைக்ரோலிட்டர் திரவம். அவ்வளவு சிறிய துளியை அத்தனை முறை சூடாக்கிக் குளிர்விப்பது ஏன் எளிது, அதே காரணத்தால் அது ஏன் ஆபத்தும் ஆகலாம் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)